ஊதிக் காட்டுங்கள்

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதை நம்புவதோ சந்தேகப்படுவதோ என் வேலை இல்லை. கையடக்கமான கருவி ஒன்றை நீட்டி, "ஊதிக் காட்டுங்கள்" என்று கேட்பதுதான் வேலை. மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, 15 விநாடி அடக்கி, நுரையீரல் காலியாகும்வரை அட்டைக் குழாய்க்குள் மெல்ல ஊத வேண்டும். திரையில் எண் ஏறும். வெளிவரும் காற்றின் பத்து லட்சம் பங்கில் கார்பன் மோனாக்சைடு எத்தனை பங்கு என்பது அந்த எண். தினமும் ஒரு பாக்கெட்டைக் காலி செய்பவருக்கு 20, 30 என்று போய் நிற்கும். விட்டவர் என்று எழுதிக்கொள்ள 10க்குள் வர வேண்டும் என்பது அக்காலத்து ஆய்வுகளில் பரவலாக இருந்த கணக்கு.

கருவியை ஏமாற்றலாம். கார்பன் மோனாக்சைடு உடம்பில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் போதும். காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மாலையில் வந்து ஊதினால், தினம் நாலு சிகரெட் பிடிப்பவரும் தேறிவிடுவார். கருவியும் சில சமயம் நம்மை ஏமாற்றும். பால் செரிக்காத உடம்புக்காரர்களின் மூச்சில் ஹைட்ரஜன் கூடுதலாக வரும். சில கருவிகள் அதையும் சேர்த்து எண்ணிவிடும். புகை உள்ளே கசியும் பழைய காரில் வந்து இறங்கியவருக்கும் எண் எகிறும். கோட்டினின் என்றொரு பொருள் உண்டு. நிக்கோட்டின் உடம்பில் சிதைந்து உண்டாவது. எச்சிலிலும் சிறுநீரிலும் இரண்டு மூன்று நாள் தங்கி ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் நிக்கோட்டின் சூயிங்கம் மெல்பவரிடம் அதுவும் உதவாது. எது சிகரெட்டிலிருந்து வந்தது, எது கம்மிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாதே!

மதுரையில் பி.ஃபார்ம் படித்தேன். கணவரின் வேலையை ஒட்டி பிலடெல்ஃபியாவுக்கு வந்தேன். அங்கே மருந்துக் கடையில் நின்று மருந்து கொடுக்க வேண்டுமென்றால் மறுபடி படித்துத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு முன் ஏதாவது செய்வோமே என்று மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். அப்படியே தங்கிவிட்டேன். ஒருங்கிணைப்பாளர் என்றால் தொலைபேசியில் ஆள் பிடிப்பவர், படிவம் நிரப்புபவர், ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுபவர், திரும்பி வரும் மாத்திரையை எண்ணுபவர், வராதவரைத் தேடி அழைப்பவர், வந்தவர் அழுதால் டிஷ்யூ நீட்டுபவர், எல்லாம் ஒரே ஆள். மருத்துவரின் பெயர் கட்டுரையில் வரும். நம் கையெழுத்து கோப்புகளில் இருக்கும்.

சிகரெட்டை விடவைக்கும் மருந்துகளைச் சோதிக்கும் வேலைதான் எனக்கு அதிகம் வாய்த்தது. அவற்றில் மனத்தை விட்டுப் போகாதது மோடாஃபினில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்தது, முடிவு 2008இல் அச்சேறியது. அதன் பல கைகளில் என் கையும் ஒன்று. இங்கே வரும் மனிதர்கள் பல ஆய்வுகளில் நான் சந்தித்தவர்களைக் கலந்து, அடையாளம் மாற்றி எழுதியவர்கள். எண்களில் மட்டும் கை வைக்கவில்லை. அவை அச்சில் உள்ளபடியே.

மோடாஃபினில் தூக்கத்தை விரட்டும் மாத்திரை. பிரான்சில் லாஃபோன் என்ற நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. பட்டப்பகலில், பேசிக்கொண்டிருக்கும்போதே, அடக்க முடியாமல் தூங்கிவிழும் நார்கோலெப்சி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் லியோன் நகரத்துத் தூக்க ஆராய்ச்சியாளர் மிஷேல் ஜுவே. அமெரிக்காவில் 1998 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 2004இல் இரவுப் பணியாளர்களின் தூக்கக் கோளாறு, தூக்கத்தில் மூச்சடைப்பதால் வரும் பகல் சோர்வு ஆகியவையும் அனுமதிப் பட்டியலில் ஏறின. விற்ற செஃபலான் நிறுவனத்தின் தலைமையகம் எங்கள் ஊருக்கு வெளியே ஃபிரேசரில்தான் இருந்தது. விமானிகள், படைவீரர்கள், இரவெல்லாம் கண் விழிக்கும் மாணவர்கள் என்று இந்த மாத்திரையைச் சுற்றி அப்போது நிறையப் பேச்சு. ஆய்வுக்கு ஆள் தேவை என்று விளம்பரம் போனதும் வந்த தொலைபேசி அழைப்புகளில் சிலருக்குச் சிகரெட்டைப் பற்றி அக்கறையே இல்லை என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

"ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீர்கள்?"

"எத்தனை பிடித்தால் மாத்திரை தருவீர்கள்?"

இப்படிப்பட்டவர்களுக்கு நன்றி சொல்லி வைத்துவிட வேண்டியதுதான். அமெரிக்கச் சட்டத்தில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, நான்காம் அட்டவணை. பூட்டிய அலமாரி, வெளியே போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று வரிக்கு வரி பதிவு. குறைந்த மாத்திரைக்குக் காரணம் எழுத வேண்டும். "நாய் தின்றுவிட்டது" என்பதையும் நான் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து அண்ணன் ஒரு தடவை அழைத்தபோது, "நீ சோதிக்கிற மாத்திரை இங்க மோடலெர்ட்னு கிடைக்குதாம்மா. நம்ம பய சி.ஏ. பரீட்சைக்குப் போட்டுக்கலாமாங்கறான்" என்றார். "டாக்டர் சீட்டு இல்லாம தொடக்கூடாதுண்ணே, உடம்பில தடிப்பு வந்து ஆஸ்பத்திரியில படுத்தா பரீட்சையும் போயிரும்" என்றேன். மிரட்டுவதற்காகச் சொன்னதல்ல. அரிதாக, தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை இந்த மருந்தில் பதிவாகியிருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் அந்த வரியை நான் விரலை வைத்துப் படித்துக்காட்டுவேன். கருத்தடை மாத்திரையின் வீரியத்தை இது குறைத்துவிடும் என்ற வரியையும் அப்படித்தான்.

தூக்கம் விரட்டும் மருந்துக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிகரெட்டை விட்டவரிடம் முதல் வாரத்தில் என்ன படுத்துகிறது என்று கேளுங்கள். எரிச்சல், பசி, பதற்றம் என்பார். அத்தோடு இன்னொன்றும் சொல்வார்: மூளை மந்தமாக இருக்கிறது, ஒரு பக்கம் படித்தால் முதல் வரி மறந்துபோகிறது, பகலிலேயே கண்ணைச் சொருகுகிறது. நிக்கோட்டின் கவனத்தைக் கூர்மையாக்கும். அதை நிறுத்தினால் கவனம் தொய்யும். அந்தத் தொய்வைத் தாங்கமாட்டாமல்தான் பலர் மறுபடி பற்றவைக்கிறார்கள். ஆகவே தொய்வை வேறொரு மருந்தால் தூக்கி நிறுத்தினால் சிகரெட் தேவைப்படாது. யோசனை இதுதான்.

இதற்குத் துணையாக இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அதே பல்கலைக்கழகத்தில் 2005இல் வெளியான கொக்கெய்ன் ஆய்வு. கொக்கெய்ன் அடிமைகள் 62 பேரில் ஒரு பிரிவுக்குத் தினம் 400 மில்லிகிராம் மோடாஃபினில் கொடுத்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்கள் கொக்கெய்னிலிருந்து அதிகம் விலகியிருந்தார்கள். (2009இல் பல மையங்களில் பெரிதாகச் செய்தபோது அந்த மகிழ்ச்சி மங்கியது. அது அப்போது யாருக்கும் தெரியாது.) இன்னொன்று, வேறு நோய்க்கு வந்த மருந்து சிகரெட்டுக்குப் பலித்த முன்னுதாரணம். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பட்ட ப்யூப்ரோபியானை எடுத்தவர்கள் தாமாகவே சிகரெட்டைக் கைவிடுவதைக் கலிஃபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்த லிண்டா ஃபெர்ரி கவனித்தார். அதிலிருந்து தொடங்கிய வேலைதான் 1997இல் ஸைபான் என்ற பெயரில் சிகரெட் மருந்தாக வந்து சேர்ந்தது. அப்படியொரு அதிர்ஷ்டம் இன்னொரு முறை அடிக்காதா என்ற ஆசை இந்தத் துறையில் எல்லோருக்கும் உண்டு.

யோசனை அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய செய்தி படுத்துக் கிடந்தது. ஆம்ஃபெட்டமின் போன்ற ஊக்க மருந்துகளைக் கொடுத்தால் புகைப்பவர் கூடுதலாகவே புகைக்கிறார் என்பதை ஆய்வகங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தார்கள். மோடாஃபினில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, வேலை செய்யும் விதமும் வேறு, சாதுவானது என்பது அன்றைய நம்பிக்கை. மூளையில் டோப்பமினை அது எந்த அளவுக்கு உயர்த்துகிறது என்று நோரா வோல்கோவின் குழு ஸ்கேன் எடுத்துக் காட்டியது 2009இல். எங்கள் ஆய்வு அதற்குள் முடிந்திருந்தது. தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டார்கள் என்று இன்று பேசுவது சுலபம். தெரியாததால்தான் செய்தார்கள்.

ஆய்வின் அமைப்பு எளியது. சிகரெட்டை விட வேண்டும் என்று தாமாகவே வந்த 157 பேர். எல்லோருக்கும் சுருக்கமான ஆலோசனை. குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு: ஒரு பிரிவுக்கு 8 வாரம், தினம் 200 மில்லிகிராம் மோடாஃபினில். மற்றதற்கு அதே 8 வாரம், பார்வைக்கு அச்சாக அதேபோன்ற போலி மாத்திரை. யாருக்கு எது என்பது எடுப்பவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எட்டாம் வார முடிவில், கடைசி ஏழு நாளும் புகைக்காமல் இருந்தாரா என்பதே தலையாய கேள்வி. வாய் வார்த்தை போதாது, உடம்பும் ஒத்துச் சொல்ல வேண்டும்.

இரட்டைக் கண்கட்டு என்பதைப் படிவத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். அதற்குள் இருந்து வேலை செய்வது வேறு. வாரக்கணக்கில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் எந்தப் பிரிவு என்ற ஊகம் மனத்தில் முளைக்காமல் இராது. வேறு ஆய்வுகளில் பழகியவர்கள் சில அடையாளங்களை வைத்திருப்பார்கள்: நிக்கோட்டின் பட்டை என்றால் தோல் சிவக்கும், ப்யூப்ரோபியான் என்றால் வாய் உலரும். மோடாஃபினிலில் அந்தச் சாமர்த்தியம் எதுவும் செல்லவில்லை. மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலை எடுங்கள்: தலைவலி, பதற்றம், தூக்கமின்மை, குமட்டல். சிகரெட்டை விட்ட முதல் இரண்டு வாரங்களின் அவதிப் பட்டியலை அதன் பக்கத்தில் வையுங்கள்: தலைவலி, பதற்றம், தூக்கமின்மை, எரிச்சல். ஒருவர் கண் சிவந்து வந்து, "மூணு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன்" என்றால், அது மாத்திரை செய்ததா, சிகரெட் இல்லாதது செய்ததா? நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

இதில் காப்பி வேறு குறுக்கே வரும். புகையிலைப் புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபினை வேகமாகக் கழிக்கவைக்கின்றன. செய்வது நிக்கோட்டின் அல்ல, தார். சிகரெட்டை நிறுத்திய சில நாளில் அந்த வேகம் அடங்கிவிடும். அதே நாலு கப் காப்பியைக் குடித்தாலும் ரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரட்டிப்பாக நிற்கும். கை நடுங்கும், தூக்கம் வராது, படபடப்பு வரும். சிகரெட் இல்லாததால்தான் இந்தப் பாடு என்று எண்ணி மனிதர் மறுபடி கடைக்கு ஓடுவார். ஆகவே விடும் நாள் குறித்ததும் நான் சொல்கிற முதல் ஆலோசனை: காப்பியைப் பாதியாக்குங்கள். இதைச் சொன்னால் பலருக்குச் சிகரெட்டைப் பிடுங்குவதைவிடக் கோபம் வரும்.

இரவுக் காவல் வேலை பார்க்கும் ஒருவர். வயது ஐம்பதுக்கு மேல். கண் விழித்த ஐந்து நிமிடத்தில் முதல் சிகரெட். எவ்வளவு அடிமை என்று அளக்க நாங்கள் கேட்கும் கேள்விகளில் அதுதான் பொல்லாதது. எத்தனை சிகரெட் என்பதைவிட, எழுந்து எத்தனை நிமிடத்தில் என்பது ஆளைச் சரியாகக் காட்டும். அவர் என்னிடம் சொன்னார்: "அம்மா, எனக்குச் சிகரெட் எழுப்புவதற்கும் வேண்டும், வேலை முடிந்து வந்து அடங்குவதற்கும் வேண்டும். உங்கள் மாத்திரை எதைச் செய்யும்?"

எழுப்பும் என்றேன். மீதிப் பாதிக்கு என்ன செய்வீர்கள் என்ற முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

ஆய்வு முடிந்த பிறகு அவர் கேட்டதைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டேன். சிகரெட் புகையை உறிஞ்சினால் பத்து இருபது விநாடியில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும் ஒரு பாக்கெட்டுக்கு நாளில் 200 இழுப்பு. தூக்கம் வந்தால் நீளமாக ஒன்று, கோபம் வந்தால் வேகமாக இரண்டு என்று, தறிக்காரர் பாவின் இறுக்கத்தைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வதுபோல, புகைப்பவர் தன் மனநிலையை நாள் முழுக்கச் சரிசெய்துகொண்டே இருக்கிறார். மோடாஃபினிலோ காலையில் ஒரு தடவை விழுங்குவது. உச்சத்துக்கு ஏற இரண்டு முதல் நாலு மணி நேரம். பாதியாக இறங்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அது நாள் முழுக்க ஒரே உயரத்தில் விழித்துக்கொண்டிருக்கும். அடங்க வேண்டிய நேரத்தில் அடங்க விடாது.

விடும் நாளுக்குப் பிறகான வாரங்களில் அறை வேறு மாதிரி இருக்கும். முதல் வாரம் வருகிறவர்கள் அதிகம் பேசுவார்கள். மூன்றாம் வாரம் வருகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வராமலே போனவர்களில் பெரும்பாலோர் மறுபடி பிடிக்கத் தொடங்கியவர்கள் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. அதனாலேயே வராதவரைப் புகைப்பவர் என்றே எழுதுவது வழக்கம். ஒரு அம்மாள், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை, நியூபோர்ட் மென்தால் தவிர வேறு தொடமாட்டார். "விட்டேன், ஆனால் உட்கார முடியவில்லை. வீட்டுச் சன்னலெல்லாம் துடைத்தாயிற்று. பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். சிரித்தோம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிவத்தில் 'அமைதியின்மை' என்று ஒரு வரி, 0 முதல் 4 வரை மதிப்பெண். 3 போட்டேன். சன்னலுக்கு இடமில்லை.

அந்த ஊரில் 2007 தொடக்கத்தில் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது. ஜனவரிக் குளிரில், கோட்டுப் பையில் ஒரு கை, சிகரெட்டில் ஒரு கை என்று வாசல்களில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். தடை எங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வோம். உண்மையோ பொய்யோ, குளிருக்குப் பயந்து விட நினைத்தேன் என்று வந்தவர்கள் எனக்குத் தெரியும்.

முடிவுக்கு வருகிறேன். எட்டு வார முடிவில் போலி மாத்திரைப் பிரிவில் 42 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். மோடாஃபினில் பிரிவில் 34 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால், மோடாஃபினில் கெடுத்தது என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. உதவவில்லை என்று சொல்லலாம். ஆனால் அடுத்த எண் அப்படித் தப்பவில்லை. விட முடியாமல் புகைத்துக்கொண்டிருந்தவர்களில், மோடாஃபினில் எடுத்தவர்களின் தினசரி சிகரெட், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட 44 சதவீதம் கூடுதல். மனக்கலக்கமும் விடுவதால் வரும் அவதியும் மருந்துப் பிரிவில்தான் அதிகம் ஏறியிருந்தன. இதற்கு மேல் தொடர்வதில் பொருளில்லை என்று ஆய்வை நிறுத்தினார்கள்.

நிறுத்தம் என்றால் சினிமாவில் போல யாரும் ஓடிவந்து கையைப் பிடிக்கமாட்டார்கள். ஒரு கூட்டம், ஒரு கடிதம், ஒழுங்குமுறைக் குழுவுக்கு ஒரு படிவம், மீந்த மாத்திரைகளை எண்ணி ஒப்படைத்த ரசீது. பிறகு அடுத்த ஆய்வின் கோப்பு.

என்னைத் தைத்தது அந்த 44. சன்னல் துடைத்த அம்மாளும், தூங்காமல் கண் சிவந்து வந்தவரும், மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டவரும், ஒவ்வொருவரும் தனித்தனியாக, நான் பத்து வருடம் பார்த்துப் பழகிய சாதாரண விடும் அவதியோடுதான் இருந்தார்கள். அவதி ஒரு பிரிவில் இரண்டு பிடி கூடுதலாக இருக்கிறது என்பது எதிரில் உட்கார்ந்து பேசியதில் தெரியவில்லை, தெரிந்திருக்கவும் வழியில்லை. எழுபது எண்பது பேரை ஒரு பக்கமும் அதே அளவு பேரை மறு பக்கமும் நிறுத்திக் கூட்டிப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. அனுபவம், அனுபவம் என்று நாங்கள் பெருமைப்படுகிறோமே, அந்த இடத்தில் அதற்கு ஒரு காசு மதிப்பில்லை. போலி மாத்திரைப் பிரிவு இல்லாமல் எல்லோருக்கும் மோடாஃபினிலையே கொடுத்திருந்தால், மூன்றில் ஒருவர் விட்டார் என்று மகிழ்ந்து, நல்ல மருந்து என்று எழுதியிருப்போம். அவதிப்பட்டவர்களிடம், முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்போம்.

42 சதவீதத்தைப் பார்த்துவிட்டு, போலி மாத்திரைக்கே இவ்வளவு சக்தியா என்று கேட்பவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது. அது எட்டாம் வார எண், கடைசி ஏழு நாளைப் பற்றியது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஊதச் சொன்னால் இதில் கணிசமானவர்கள் மறுபடி புகைத்துக்கொண்டிருப்பார்கள். எல்லா மருந்துக்கும் இதே கதைதான். துணை எதுவும் இல்லாமல் தானாக விடப் பார்ப்பவர்களில் 3 முதல் 5 சதவீதம் பேர்தான் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண். அதோடு, எங்களிடம் வந்தவர்கள் விட வேண்டும் என்ற முடிவோடு, இரண்டு பேருந்து மாறி, வாரக்கணக்கில் வந்தவர்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. ஊதச் சொல்லிக் கேட்க ஒரு கருவி காத்திருந்தது. அந்தக் கருவியே பாதி மருந்து என்பது என் சொந்த அபிப்பிராயம். நிரூபிக்க ஆய்வு எதுவும் கையில் இல்லை.

மருந்து உலகம் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 2006 மே மாதம் வரெனிக்ளின் அனுமதி பெற்று வந்தது. நிக்கோட்டின் உட்காரும் அதே இருக்கையில் தானும் உட்கார்ந்து, அரைகுறையாகத் தூண்டி, நிக்கோட்டினுக்கு இடமில்லாமல் செய்யும் மருந்து. எழுப்புவது, அடக்குவது என்று பிரித்து யோசிக்காமல் நேரே பூட்டைத் தேடிப் போனது. சிகரெட்டுக்கு விழிப்பு மாத்திரை என்ற பேச்சு அப்படியே அடங்கிப்போனது. 2008 செப்டம்பரில், அனுமதி இல்லாத நோய்களுக்கு மோடாஃபினில் உள்ளிட்ட மருந்துகளை விளம்பரப்படுத்திய வழக்கில் செஃபலான் 42.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வழக்குக்கும் எங்கள் ஆய்வுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு மாத்திரை எல்லாச் சோர்வுக்கும் நல்லதாம் என்று ஊரே பேசிய காலத்தில், ஒரு நோய்க்காவது இது வேண்டாம் என்று எண்ணிச் சொன்ன ஒரு கட்டுரையில் நம் உழைப்பும் இருக்கிறது என்பதில் எனக்குத் திருப்தி. வெற்றி பெற்ற ஆய்வுகளில் வேலை செய்ததைவிட இதில் கூடுதல் திருப்தி என்றால் சக ஊழியர்கள் சிரிப்பார்கள்.

கட்டுரையின் கடைசியில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மனநோய்களுக்கு மோடாஃபினிலைப் பயன்படுத்தும்போது நோயாளி புகைப்பவரா என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று. யாரும் அதிகம் படிக்காத வரி. எனக்கு அதுதான் அந்த ஆய்வின் விளைச்சல். மனநோயாளிகளில் புகைப்பவர்கள் மிக அதிகம். மருந்தின் மந்தத்தைப் போக்க அவர்களில் சிலருக்குத்தான் மருத்துவர்கள் இந்த மாத்திரையை எழுதுகிறார்கள். அதே மாத்திரை சிகரெட்டைக் கூட்டிவிட்டால்?

இப்போது நான் தூக்க நோய்ப் பிரிவு ஒன்றில் இருக்கிறேன். மோடாஃபினில் புதிதாகத் தொடங்குபவருக்கு நாங்கள் கொடுக்கும் படிவத்தில் தலைவலி உண்டா, தோலில் தடிப்பு உண்டா, கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்ற கேள்விகள் அச்சில் உள்ளன. சிகரெட்டைப் பற்றிய கேள்வி இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக் கேட்கிறேன்: தினம் எத்தனை, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட். போன வாரம் ஒரு லாரி ஓட்டுநர், "தூக்கத்துக்கு வந்தால் சிகரெட்டைக் கேட்கிறீர்களே" என்றார். பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு, மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து வரும்போது மறுபடி கேட்பேன், ஒவ்வொரு நாளும் எண்ணி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.